மின்சாரத்தை நிறுத்துவது எப்படி: தாம்பரம் பாதையின் இன்னொரு வரலாறு

மின்ரயில் ஓட்டுபவர்களின் பேச்சில் ‘டீஜே’ என்று ஒரு சொல் அடிக்கடி வரும். “டீஜே ட்ரிப் ஆயிடுச்சு”, “டீஜே க்ளோஸ் ஆகல.” கல்யாண மண்டபத்து டீஜே இல்லை இது. சர்க்யூட் பிரேக்கருக்குப் பிரெஞ்சு மொழியில் உள்ள பெயரின் சுருக்கம். 1950களின் பிற்பகுதியில் இந்திய ரயில்வே 25,000 வோல்ட் ஏசி மின்சாரத்துக்குப் போவது என்று முடிவெடுத்தபோது ஆலோசனை சொன்னது பிரெஞ்சு ரயில்வே. அவர்கள் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார்கள், அவர்களுடைய சொல் நம் எஞ்சின் கேபினிலேயே தங்கிவிட்டது.

தாம்பரம் ரயிலில் போய் வந்த யாருக்கும் டீஜேயின் வேலை தெரியும், பெயர் மட்டும்தான் தெரியாது. ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே விளக்கும் விசிறியும் சட்டென்று நிற்கும். யாரோ பேப்பரிலிருந்து தலையைத் தூக்குவார். சில நொடிகளில் எல்லாம் திரும்ப வந்துவிடும். மேலே போகும் கம்பியில் ஒரு துணைமின்நிலையத்தின் பகுதி முடிந்து அடுத்ததன் பகுதி தொடங்கும் இடம் அது. நடுவில் மின்சாரமே இல்லாத சின்னத் துண்டு ஒன்று இருக்கும். அதைத் தாண்டும் முன் டீஜேயைத் திறக்கச் சொல்லித் தண்டவாளத்தின் ஓரம் பலகை நட்டிருப்பார்கள். ஓட்டுநர் திறப்பார், தாண்டியதும் மூடுவார்.

திறந்தால் நிற்கும், மூடினால் ஓடும். குழாய்க்கு நேர் எதிர். எங்கள் மென்பொருள் உலகத்திலும் ‘சர்க்யூட் பிரேக்கர்’ என்ற பெயரில் ஒரு வடிவமைப்பு உண்டு. ஒரு சர்வர் படுத்துவிட்டால் அதற்குப் போகும் கோரிக்கைகளைத் தடுத்து நிறுத்துவது அதன் வேலை. புதிதாகச் சேரும் பிள்ளைகள் எல்லாரும் முதல் வாரம் குழம்புவது இதே இடத்தில்தான். “ஓப்பன்னா வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?” இல்லை தம்பி, ஓப்பன் என்றால் அறுத்துவிட்டது.

நம் ஊர்களின் மின்சார வரலாறு எல்லாம் மின்சாரம் வந்த வரலாறுதான். முதல் விளக்கு எரிந்த நாள், முதல் டிராம் ஓடிய நாள், கவர்னர் கொடியசைத்த நாள். வந்த மின்சாரத்தை வேண்டிய நேரத்தில் நிறுத்துவதற்கு ஒருவர் என்ன பாடுபட்டார் என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. எனக்கு அந்தப் பக்கம்தான் சுவாரசியமாகத் தெரிகிறது, ஏனென்றால் நிறுத்துவதுதான் கஷ்டம்.

அயர்ன் பாக்ஸ் சூடேறிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்கினால் நீலமாக ஒரு பொறி தெறிக்கும். (செய்து பார்க்க வேண்டாம்.) இரண்டு உலோகத் துண்டுகள் பிரியும் கணத்தில், இடையில் இருக்கும் காற்றே சூடேறி மின்கடத்தியாக மாறிவிடுகிறது. கம்பியை வெட்டியாகிவிட்டது, ஆனால் மின்சாரம் நெருப்புப் பாலம் போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருக்கிறது. அந்தப் பாலத்தின் பெயர் ஆர்க். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ், ஒரு பெரிய பிரேக்கருக்குள் எழும் ஆர்க் அதைச் சாதாரணமாகத் தாண்டும். சுவிட்ச் என்பது இரண்டு துண்டு செம்பு, அவ்வளவுதான். பிரேக்கர் என்பது அந்த நெருப்பை அணைக்கத் தெரிந்த சுவிட்ச்.

1931 ஏப்ரல் 2 அன்று மதராஸ் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையிலான மீட்டர்கேஜ் மின்ரயிலைக் கவர்னர் ஜார்ஜ் ஃப்ரெடரிக் ஸ்டான்லி தொடங்கி வைத்தார். மே 11 முதல் பொதுமக்கள் ஏறினார்கள். சவுத் இண்டியன் ரயில்வேயின் பாதை, சுமார் 29 கிலோமீட்டர். இந்தியாவில் அதற்கு முன் மின்ரயில் ஓடியது பம்பாய்ப் பக்கத்தில் மட்டும்தான், 1925இல். பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் குடியிருந்துகொண்டு பட்டணத்தில் குமாஸ்தா வேலை பார்க்கும் வாழ்க்கையை இந்தப் பாதைதான் உண்டாக்கிக் கொடுத்தது என்று சொன்னால் அது மிகையில்லை.

அன்று மேலே ஓடியது 1,500 வோல்ட் டிசி. டிசியை நிறுத்துவதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நம் வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய் வருவது. அதனால் நொடிக்கு 100 முறை அதன் அளவு தானாகவே பூஜ்யத்தைத் தொடுகிறது. ஆர்க் எரிந்தாலும், அடுத்த பூஜ்யத்தில் அது மூச்சு வாங்கும்போது இடைவெளியைக் குளிரவைத்துவிட்டால் போதும், மறுபடி பற்றிக்கொள்ளாது. டிசிக்கு அந்தப் பூஜ்யம் கிடையாது. ஒரே திசையில் விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். அதன் ஆர்க்கை இழுத்து, நீட்டி, மூச்சுமுட்ட வைத்துத்தான் கொல்ல வேண்டும்.

அதற்கு டிசி ரயில்களில் வழக்கமாகச் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது. போகிற மின்சாரத்தையே ஒரு கம்பிச்சுருள் வழியாக அனுப்புவார்கள். சுருள் காந்தமாகும். மின்சாரத்தைச் சுமக்கிற எதையும் காந்தம் பக்கவாட்டில் தள்ளும். ரயிலின் மோட்டார் சுற்றுவதே அந்தத் தள்ளுவிசையால்தான். அதே விசை இங்கே ஆர்க்கை மேல்நோக்கித் தள்ளி, களிமண்ணோ கல்நாரோ வைத்துச் செய்த கூண்டுக்குள் ஊதிவிடும். மின்சாரம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு பலமாக ஊதும். திருடனையே போலீஸ் ஸ்டேஷனுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வரவைப்பது மாதிரி.

1960களில் தாம்பரத்துக்குத் தெற்கே விழுப்புரம் வரை மின்பாதை நீண்டபோது அது 25,000 வோல்ட் ஏசியாகப் போடப்பட்டது. பழைய கடற்கரை-தாம்பரம் பாதையும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஏசிக்கு மாறியது. கணக்கு எளிது. 500 கிலோவாட் வேண்டும் என்றால் 1,500 வோல்ட்டில் 333 ஆம்பியர் இழுக்க வேண்டும், 25,000 வோல்ட்டில் 20 ஆம்பியர் போதும். கம்பி மெலியும், துணைமின்நிலையங்கள் குறையும். டீஜே இந்தப் பக்கத்துக்கு வந்ததும் அப்போதுதான். எஞ்சின் கூரைமேல் உட்கார்ந்திருந்த அந்தக் காலத்து டீஜே, அழுத்திச் சேமித்த காற்றை ஆர்க்கின் மேல் பீய்ச்சி அணைத்தது. திறக்கும்போது தலைக்கு மேல் வெடி போட்டதுபோல ஒரு சத்தம் வரும். பின்னால் வெற்றிடத்தில் அறுக்கும் பிரேக்கர்கள் வந்தபிறகு அந்தச் சத்தம் போய்விட்டது. 2004இல் மீட்டர்கேஜ் மின்ரயிலும் போய்விட்டது.

இந்தப் பாதை ஓரத்திலேயே, பல்லாவரத்தில், இன்னொரு கதை நடந்துகொண்டிருந்தது. பிரேக்கருக்குச் சொந்தமாக முடிவெடுக்கத் தெரியாது. ‘இப்போது திற’ என்று அதற்கு ஒருவர் சொல்ல வேண்டும். சொல்லும் கருவியின் பெயர் ரிலே. பல்லாவரத்தில் இங்கிலீஷ் எலக்ட்ரிக் கம்பெனி ரிலேக்கள் செய்தது. கண்ணாடி மூடிக்குள் ஒரு அலுமினியத் தட்டு, பழைய வீட்டு மீட்டரில் சுற்றுமே அதைப்போல. மின்சாரம் அளவுக்கு மீறினால் தட்டு நகரத் தொடங்கும். கொஞ்சம் மீறினால் மெதுவாக நகரும், மிகவும் மீறினால் வேகமாக. ஒரு புள்ளியைத் தொட்டதும் பிரேக்கருக்கு உத்தரவு போகும். சிடிஜி என்ற வரிசை. பழைய துணைமின்நிலையங்களில் வேலை பார்த்தவர்களிடம் அந்த மூன்று எழுத்தைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்.

கம்பெனியின் பெயர்ப் பலகைதான் பாவம். 1968இல் லண்டனில் ஜிஇசி அதை விழுங்கியது. பிறகு ஜிஇசி அல்ஸ்தோம், அல்ஸ்டாம், அரேவா, மறுபடி அல்ஸ்டாம், ஜிஇ, இப்போது ஜிஇ வெர்னோவா. ஆறேழு பெயர் மாறியும் பல்லாவரத்தில் அந்த வேலை நிற்கவில்லை. அலுமினியத் தட்டு மைக்ரோபிராசஸராக மாறியதுதான் வித்தியாசம். ஓஎம்ஆரில் ஐடி வருவதற்கு வெகுகாலம் முன்பே தென்சென்னையில் ‘இந்த அளவைத் தாண்டினால் இதைச் செய்’ என்ற தர்க்கத்தை இரும்பிலும் அலுமினியத்திலும் எழுதிக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். நம் தொழிலின் முன்னோர்கள் என்று அவர்களையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், யாரும் சொல்வதில்லை.

மூளை பல்லாவரத்தில். கை எங்கே இருக்கிறது என்றால், இன்று பெருங்களத்தூரிலிருந்து துரைப்பாக்கம் வரை ஒவ்வொரு பெரிய கட்டிடத்தின் அடித்தளத்திலும் இருக்கிறது. 1984இல் தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் வந்தது. அதன்பின் ஐடி கட்டிடங்கள், மால்கள், இருபது மாடி அடுக்ககங்கள். ஒவ்வொன்றுக்கும் 11,000 வோல்ட்டில் மின்சாரம் வரும், டிரான்ஸ்ஃபார்மர் அதைக் குறைக்கும், குறைத்த இடத்தில் ஆள் இடுப்பளவு உயரத்தில் ஒரு பெட்டி நிற்கும். ஏர் சர்க்யூட் பிரேக்கர், வேலைக்காரர்கள் வாயில் ‘ஏசிபி’. இதில் ஏர் என்றால் அழுத்திய காற்று இல்லை, நாம் மூச்சு விடுகிற அதே காற்று. ஆர்க்கைக் கூண்டுக்குள் ஏற்றி, வரிசையாக நிற்கும் இரும்புத் தகடுகளால் அதைப் பல துண்டாக்கிவிடும். ஒரு நீள ஆர்க்கைவிடப் பல குட்டி ஆர்க்குகள் எரிவதற்கு அதிக வோல்ட் தேவை. அது கிடைக்காததால் எல்லாம் சேர்ந்து சாகும். 1920களில் அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியில் இருந்த ஜோசப் ஸ்லெப்பியன் என்ற கணிதக்காரர் வளர்த்தெடுத்த யோசனை இது.

நான் வேலை பார்க்கும் கட்டிடத்தில் ஏசிபி சர்வீஸ் நடப்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். சர்வர்களை அணைத்து ஏற்ற ஒரு ஆள் இருக்க வேண்டும் என்று என்னைப் போட்டிருந்தார்கள். வேலை இல்லாத நேரத்தில் கீழே போய் நின்றுகொண்டேன். சர்வீஸுக்கு வந்திருந்தவருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும், கூட ஒரு பையன். முதலில் “சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றார். அரைமணி நேரத்தில் ‘தம்பி’ ஆகிவிட்டேன்.

லோடை எல்லாம் இறக்கிவிட்டு ஓஃப் பட்டனை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. பேனலில் சிவப்பு விளக்கு அப்படியே எரிந்தது. (இங்கே சிவப்பு என்றால் ஓடுகிறது, பச்சை என்றால் நின்றிருக்கிறது. சிக்னலுக்கு நேர் எதிர்.) இரண்டாம் முறை அழுத்திப் பிடித்தார். ஒரு கணம் தாமதித்து, ‘டக்’கென்று விழவேண்டியது ‘தொப்’பென்று விழுந்தது. அவர் திரும்பிப் பையனைப் பார்த்தார், பையன் என்னைப் பார்த்தான்.

மேலே 11,000 வோல்ட் பக்கத்தையும் நிறுத்தி, பூட்டி, எர்த் போட்டு, ஸ்பிரிங்கில் விசை மிச்சமில்லை என்று மூடித் திறந்து உறுதிசெய்தபிறகுதான் பிரேக்கரைக் கைப்பிடியால் சுழற்றி வெளியே இழுத்தார். அந்த ஸ்பிரிங் விரல்களை எடுத்துவிடும் என்று பையனிடம் இரண்டுமுறை சொன்னார். கூண்டுகளைக் கழற்றித் தகடுகளில் கரி பார்த்தார். மிகவும் கொஞ்சம்தான் இருந்தது. ரிலேக்குள் சோதனை மின்சாரம் செலுத்திப் பார்த்தார், சொன்ன நேரத்தில் சரியாக உத்தரவு கொடுத்தது. பிறகு மெக்கானிசத்தில் விரலை விட்டு எடுத்துக் காட்டினார். கிரீஸ் காய்ந்து சாந்துபோல் இறுகியிருந்தது.

“மூள நல்லா இருக்கு தம்பி. கைதான் மரத்துப் போச்சு. வருஷக்கணக்கா மூடியே கெடந்தா இப்படித்தான். தெனமும் ட்ரிப் ஆற பிரேக்கர் கெட்டுப்போவாது, ஒருநாளும் ட்ரிப் ஆகாததுதான் காலை வாரும்.”

அது மூன்று வருடமாகத் திறக்கப்படவே இல்லை. வருடாந்திர ஷட்டவுன் இரண்டு முறை தள்ளிப்போடப்பட்டிருந்தது. ஒரு முறை வாடிக்கையாளரின் ரிலீஸ், இன்னொரு முறை காலாண்டு முடிவு. மின்சாரம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை என்று அந்த இரண்டு வருடமும் கட்டிட நிர்வாகத்துக்குப் பாராட்டு மெயில் போனது எனக்குத் தெரியும்.

என்ன ஆகியிருக்கும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 1,000 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் முழு லோடில் கொடுப்பது சுமார் 1,333 ஆம்பியர். அதன் உள்தடை 5 சதவீதம் என்றால், பக்கத்திலேயே ஷார்ட் ஆகும்போது அதைப்போல் இருபது மடங்கு, 26,000 ஆம்பியருக்கு மேல் பாயும். அந்த நேரத்தில் கை வரவில்லை என்றால் பேனலின் செம்புப் பட்டைகளே எரிந்து ஆவியாகும். கதவைத் திறந்துகொண்டு எதிரே நிற்பவர் பெரும்பாலும் ஒரு ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பார். எங்கள் சர்வர்களுக்கு எப்படியும் இன்னொரு ஊரில் நகல் இருக்கிறது.

2015 டிசம்பரில் அடையாறு பொங்கி முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தபோது, நீர் ஏறிய பகுதிகளில் மின்சாரத்தை முன்கூட்டியே நிறுத்தினார்கள். இருட்டில் உட்கார்ந்துகொண்டு எல்லாரும் மின்வாரியத்தைத் திட்டினோம். யாரோ ஒருவர் போய்த் திறந்துவிட்டதால்தான் முழங்கால் தண்ணீரில் நடக்க முடிந்தது என்பது அந்த இரவில் தோன்றவில்லை. தண்ணீர் வடிந்தபிறகு அடித்தளத்துப் பேனல்களைக் கழுவி, உலர்த்தி, மெக்கர் வைத்துக் காப்பைச் சோதித்து, ஒவ்வொன்றாக மூடியவர்களும் இதே ஆட்கள்தான்.

அந்த ஞாயிறன்று பழைய கிரீஸை வழித்தெடுத்துப் புதிது தடவி, பத்துப் பதினைந்து முறை மூடித் திறந்து பார்த்தார். ஒவ்வொரு முறையும் ‘டக்’கென்று விழுந்தது. நாலாவது, ஐந்தாவது முறை பையனை அழுத்தச் சொன்னார். ஒரு ஸ்டிக்கரில் தேதியும் கவுன்டர் எண்ணும் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டு, அடுத்த சர்வீஸ் தேதிக்கான கட்டத்தையும் நிரப்பினார். அந்தத் தேதி போன மாதம் வந்து போனது. நான் இரண்டு முறை மெயில் போட்டேன். ரிலீஸ் முடியட்டும், பார்க்கலாம் என்று பதில் வந்திருக்கிறது.