பூசின நிறமும் ஊறின நிறமும்

அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்தபோது நானே கையால் ஒரு குயில்ட் தைத்துக் கொடுத்தேன். குயில்ட் என்றால் வேறொன்றுமில்லை: மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவே பஞ்சு, மூன்றையும் சேர்த்துப் பிடிக்க ஓட்டுத்தையல். வடக்கே ரஜாய் என்கிறார்களே, கிட்டத்தட்ட அதுதான். மேல்துணி வெறும் வெள்ளையாக இருக்கிறதே என்று அதில் ஒரு மயில் வரைந்தேன். உடம்புக்குத் துணிப் பெயின்ட். தோகைக்கு மட்டும், கோடு நுணுக்கமாக வரும் என்று, தண்ணீர் தொட்டால் கரைகிற வகைக் கலர் பென்சில்.

முதல் சலவையிலேயே கதை முடிந்தது. மயிலின் உடம்பு அப்படியே இருந்தது. தோகை போர்வை முழுக்கப் பரவிவிட்டது! அக்கா போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “மேல பூசினா போகத்தானே செய்யும்? சாயம்னா நூலுக்குள்ள ஊறணும்.”

போகிற போக்கில் சொன்னதுதான். ஆனால் அந்த வார்த்தை என்னை விடவில்லை. வரைந்த நிறம் துணியில் நிற்க என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்விக்கு உலகத்திலேயே நல்ல பதிலை வைத்திருந்தவர்கள் நம் கரையில் இருந்தார்கள் என்பது தேடிப் படித்தபோதுதான் புரிந்தது. அந்தக் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

இலை ஏன் நீலம்?

லண்டனில் உள்ள விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், சோழமண்டலக் கரையில் செய்த பழைய கட்டில் விரிப்புகள் இருக்கின்றன. ஆங்கிலேயர் அவற்றைப் ‘பாலம்போர்’ என்றார்கள். ‘பலங்’ என்றால் கட்டில், ‘போஷ்’ என்றால் மூடுவது. பலங்போஷ் மருவிப் பாலம்போர் ஆகிவிட்டது. வழக்கமான படம் ஒன்று உண்டு: சிறு பாறைக் குன்று, அதிலிருந்து வளைந்து நெளிந்து எழும் ஒரு மரம், கிளையெல்லாம் விதவிதமான பூ. இப்படிப்பட்ட சித்திரத் துணிகளுக்கு அடியில் பஞ்சு வைத்துத் தைத்து ஐரோப்பியர் குயில்ட்டாகவும் பயன்படுத்தினார்கள்.

முந்நூறு வருஷமாகியும் அவற்றில் சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது. ஆனால் உற்றுப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். பல விரிப்புகளில் இலைகள் நீல நிறம்! வரைந்தவருக்கு இலையின் நிறம் தெரியாதா என்ன? அவர் பச்சையாகத்தான் செய்தார். எப்படி நீலமானது என்பதைச் சொல்ல, முதலில் செய்முறையைச் சொல்ல வேண்டும்.

நிறமில்லாத பேனா

கலம்காரி என்ற பெயரைக் கேட்டதும், பேனாவால் வண்ணம் தீட்டுவது என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். கலம் என்றால் பேனா, சரிதான். ஆனால் சிவப்புக்கு அந்தப் பேனா தொட்டது வண்ணத்தை இல்லை, படிகாரத் தண்ணீரை!

படிப்படியாகப் பார்க்கலாம். பருத்தித் துணியை நன்றாக வெளுத்து, கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்ததில் ஊறவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு நூலில் ஏறும். பாலின் கொழுப்பு, மேலே போடும் கோடு ஊறிப் பரவாமல் தடுக்கும். என் மயில் தோகைக்கு இல்லாமல் போனது இதுதான். பிறகு, ஊசியால் துளையிட்ட தாளைத் துணிமேல் விரித்து, கரித்தூளைத் தட்டி, படத்தைத் துணிக்கு மாற்றுவார்கள்.

கறுப்புக் கோட்டுக்கு, இரும்பையும் வெல்லத்தையும் ஊறப்போட்டுப் புளிக்கவைத்த நீர். அது கடுக்காய் ஏறிய துணியைத் தொட்டதும் கறுப்பாகும். சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகார நீர். அது எங்கே பட்டது என்று கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். அதற்கப்புறம்தான் துணியைச் சாயவேர் போட்ட கொதிநீரில் முக்குவார்கள். முக்கி எடுத்தால் துணி முழுக்கச் சிவந்திருக்கும். சாணத் தண்ணீரில் நனைத்து, வெயிலில் காயவைத்து, திரும்பத் திரும்ப அலசினால் மற்ற இடமெல்லாம் வெளுத்துவிடும். படிகாரம் தொட்ட இடம் மட்டும் சிவப்பாகவே நிற்கும். நெருக்கமான படிகாரம் என்றால் அடர் சிவப்பு, தண்ணீர் கலந்தது என்றால் ரோஜா நிறம்.

காரணம் வேதியியல்தான். சாயவேரில் இருக்கும் அலிசரின் என்ற பொருள், படிகாரத்தில் உள்ள அலுமினியத்தோடு இணைந்து, தண்ணீரில் கரையாத ஒன்றாக நூலுக்குள்ளேயே உருவாகிவிடுகிறது. ஆக, நிறம் மேலே உட்காரவில்லை, உள்ளேயே பிறக்கிறது. அக்கா சொன்ன ‘ஊறணும்’ இதுதானே?

சாயவேர் என்பது மணற்பாங்கான கடலோரத்தில் வளரும் சின்னச் செடியின் வேர். இம்பூரல் என்றும் சொல்வார்கள். மன்னார், யாழ்ப்பாணம் பக்கத்து வேருக்கு நல்ல பெயர் இருந்தது. இலங்கையில் டச்சுக்காரர்கள் அதைத் தோண்டும் உரிமையையே தங்கள் கையில் வைத்திருந்தார்கள் என்றால் அதன் மதிப்பைப் புரிந்துகொள்ளலாம்.

அடுத்தது நீலம். அவுரிச் சாயத்தைப் பேனாவால் எழுத முடியாது. அதனால் நீலம் வரவேண்டிய இடத்தை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லா இடத்தையும் மெழுகால் மூடி, துணியை அவுரித் தொட்டியில் முக்குவார்கள். அப்புறம் வெந்நீரில் மெழுகை எடுக்க வேண்டும். ஒரு சிறு நீலப் பூவுக்காக முழு விரிப்புக்கும் மெழுகு!

கடைசியில் மஞ்சள். பச்சை வேண்டுமென்றால் நீலத்தின் மேல் மஞ்சள் பூசுவார்கள். இந்த மஞ்சள் மற்ற இரண்டைப் போல உறுதியானது அல்ல. வெயிலும் சலவையும் அதை முதலில் தின்றுவிட்டன, அடியிலிருந்த நீலம் மட்டும் தங்கிவிட்டது. இலைகள் நீலமான கதை இதுதான். ஊறியது நின்றது, மேலே பூசியது போனது. ஒரே இலையில் இரண்டுக்கும் சாட்சி இருக்கிறது.

இவ்வளவு வேலைக்கு எத்தனை நாள் பிடித்திருக்கும்? மசூலிப்பட்டினத்தில் டச்சுக் கம்பெனியில் இருந்த டேனியல் ஹவார்ட் 1693இல் வெளியிட்ட புத்தகத்தில், பாலக்கொல்லு ஓவியர்களின் வேலை நத்தை மாதிரி நகர்வதாக எழுதுகிறார். பொறுமையைப் படமாக வரைய நினைப்பவர் அந்த ஓவியரை வரைந்தாலே போதும் என்கிறார். கேலியா பாராட்டா தெரியவில்லை. எனக்குப் பாராட்டாகவே படுகிறது.

தடை போட்டும் நிற்காத ஆசை

துவைத்தாலும் போகாத பளிச்சென்ற நிறம் ஐரோப்பாவுக்குப் புதுசு. சாமுவேல் பெப்பிஸ் என்ற லண்டன்காரர், மனைவியின் அறைச்சுவரை அலங்கரிக்க இப்படி ஒரு இந்தியச் சித்திரத் துணி வாங்கியதை 1663இல் தன் டைரியில் குறித்து வைத்திருக்கிறார். போர்த்துகீசியர் இதைப் ‘பின்டாடோ’ என்றார்கள், தீட்டப்பட்டது என்று அர்த்தம். ஆங்கிலேயர் சொன்ன ‘சின்ட்ஸ்’, நம் பாட்டிமார் சொன்ன சீட்டித்துணிதான்.

அந்த ஊர் நெசவாளிகள் சும்மா இருப்பார்களா? பிரான்ஸ் 1686இல் தடை போட்டது. இங்கிலாந்து 1700இல் ஒரு சட்டம், போதாதென்று 1721இல் இன்னொன்று கொண்டுவந்தது. இரண்டாவது சட்டப்படி அச்சிட்ட, தீட்டிய பருத்தியை உடுத்தவும் கூடாது, வீட்டில் விரிப்பாகவோ திரையாகவோ வைத்துக்கொள்ளவும் கூடாது. அதற்கு முன்பே 1719இல் லண்டன் பட்டு நெசவாளர்கள் சீட்டி உடுத்திய பெண்களின் ஆடையைத் தெருவிலேயே கிழித்தார்கள், மையையும் அமிலத்தையும் வீசினார்கள். அவர்கள் பக்கத்தில் பசி இருந்தது, மறுக்க முடியாது. ஆனால் அடி வாங்கியது தெருவில் போன பெண்கள்.

கிடைப்பது அரிதானபோது கையில் இருந்த துண்டுக்கு மதிப்புக் கூடியது. சீட்டியிலிருந்து ஒரு பூவை, ஒரு பறவையைத் தனியாக வெட்டி, வெள்ளைத் துணியில் பரப்பித் தைத்துக் குயில்ட் செய்யும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில் பரவியது. ஒரு முழத் துணியில் இருக்கும் பூக்களை வைத்து ஒரு கட்டிலையே நிரப்பிவிடலாம். இந்த வேலைக்குப் பின்னாளில் ‘பாரசீக எம்பிராய்டரி’ என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர் வைத்தார்கள். வெட்டின பூ எங்கள் ஊரினுடையது, பெயர் மட்டும் பாரசீகத்துக்கு!

ரகசியம் கப்பலேறியது

வாங்கத் தடை என்றால் அடுத்து என்ன செய்வார்கள்? செய்யக் கற்றுக்கொள்வார்கள். 1734 வாக்கில் பியூலியு என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரிக்கு வந்தார். ஓவியர்கள் வேலை செய்வதைப் பார்த்து, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டு வெட்டி, குறிப்போடு சேர்த்து வைத்துக்கொண்டார். அந்தத் துண்டுகள் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன.

இன்னொருவர் கெர்தூ என்ற ஏசுசபைப் பாதிரியார். சமஸ்கிருதத்துக்கும் கிரேக்க லத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவைக் கவனித்தவர் என்று மொழியியல் படித்தவர்களுக்கு இவரைத் தெரிந்திருக்கும். மதம் மாறிய சாயத் தொழிலாளர்களிடம் கேட்டுக் கேட்டு, 1742 ஜனவரியில் முழுச் செய்முறையையும் ஒரு கடிதமாக எழுதினார். கடுக்காய், எருமைப்பால், படிகாரம், சாயவேர், மெழுகு, சாணம் எல்லாம் அதில் உண்டு. கடிதம் பிரான்சில் அச்சாகி, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி ஆயிற்று.

கெர்தூவின் பெயர் நமக்குத் தெரியும், பியூலியுவின் பெயர் தெரியும். சொல்லிக் கொடுத்தவர்கள் யார்? இதை எழுதும்போது என்னைக் கொஞ்சம் உறுத்திய விஷயம் அதுதான்.

பென்சில் என்றால் தூரிகை

இங்கே ஒரு சுவாரசியம். பென்சில் என்ற சொல் லத்தீனில் ‘சிறிய வால்’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. முதலில் அது முடியால் செய்த தூரிகையைத்தான் குறித்தது. கரிக்குச்சிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது பிற்பாடுதான்.

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் துணி அச்சுக்கூடங்களில் ‘பென்சில் நீலம்’ என்று ஒன்று இருந்தது. மெழுகு வேலை இல்லாமல் அவுரியை நேரடியாகத் துணியில் தீட்டும் வழி அது. அவுரி தண்ணீரில் கரைய, அதிலிருந்து ஆக்சிஜனை விலக்க வேண்டும். காற்றுப் பட்டதும் மறுபடி நீலமாகிக் கரையாமல் போய்விடும். தூரிகையிலிருந்து துணிக்குப் போவதற்குள் நீலமாகிவிட்டால் அது நூலில் ஏறாது. இதைத் தாமதப்படுத்த அவர்கள் கலந்தது அரிதாரம். ஆமாம், அந்தக் காலக் கூத்தில் முகத்துக்குப் பூசிய மஞ்சள் கல்தான். அதில் இருப்பது ஆர்சனிக்!

1760இல் பாரிஸ் அருகே ஜூயி என்ற ஊரில் ஓபர்காம்ப் தொடங்கிய பெரிய ஆலையிலும் தூரிகை வேலைக்குப் பெண்கள் இருந்தார்கள். அச்சுக் கட்டை விட்டுவைத்த இடங்களைக் கையால் நிரப்புவது அவர்கள் வேலை. ஆலை இருந்த ஊரின் பெயர் துணிக்கே பெயராகிவிட்டது. தூரிகை பிடித்த பெண்களும் நம் ஓவியர்களைப் போலவே பெயரில்லாமல் போனார்கள்.

1783இல் தாமஸ் பெல் உருளை அச்சுக்குக் காப்புரிமை வாங்கினார். நத்தை மாதிரி நகர்ந்த வேலையை உருளை ஓடஓடச் செய்தது. 1869க்குள் அலிசரினையே ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டார்கள். அதற்குமேல் சாயவேரைத் தோண்டுவதற்கு யார் காசு கொடுப்பார்கள்? கலம்காரி செத்துப்போகவில்லை. காளஹஸ்தியிலும், தமிழ்நாட்டில் கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டை பக்கமும் கோயிலுக்கான தொம்பை, குடை என்று கை மாறி வந்திருக்கிறது. ஆனால் உலகம் முழுக்கக் கட்டில் விரித்த காலம் போயே போய்விட்டது.

மை தின்ற துணி

குயில்ட்டில் கையால் எழுதும் ஆசை மட்டும் ஓயவில்லை. 1840களில் அமெரிக்காவில், பால்டிமோர் போன்ற ஊர்களில், ஆளுக்கொரு சதுரம் தைத்துச் சேர்த்த ‘ஆல்பம்’ குயில்ட்டுகளில் பெண்கள் தங்கள் பெயரை மையால் எழுதினார்கள். ஊர் விட்டுப் போகும் தோழிக்கு அதுதான் பரிசு. இரும்பு கலந்த பழைய மை துணியையே அரித்துவிடும். துணியைக் கெடுக்காத புது மைகள் வந்தபிறகுதான் இந்த வழக்கம் பெருகியது. நம் பாலம்போர்களிலும் இதே நோய் உண்டு. சிவப்பு நன்றாக இருக்கும், இரும்பு போட்ட கறுப்புக் கோடு மட்டும் அங்கங்கே இற்றுப்போயிருக்கும். ஊறினால் மட்டும் போதாது, என்ன ஊறுகிறது என்பதும் முக்கியம்.

சரி, என் மயிலுக்கு வருவோம். துணிப் பெயின்டில் நிறத்தூளோடு அக்ரிலிக் பசையும் இருக்கிறது. காய்ந்ததும் இஸ்திரி போட்டால் அந்தப் பசை இறுகி, தூளை நூலோடு பிடித்துக்கொள்ளும். நிறம் ஊறுவதில்லை, கட்டிப்போடப்படுகிறது. உடம்பு தப்பித்தது அதனால்தான். பென்சிலில் அந்தப் பசை இல்லை. இப்போது குயில்ட் செய்கிறவர்கள் பென்சிலால் வரைந்துவிட்டு, துணிக்கென்று விற்கிற நிறமில்லாத பசைக் கரைசலை மேலே தடவிக் காயவைத்து, இஸ்திரி போடுகிறார்கள். அந்தப் பசைக்கு நிறமில்லை, நம்மவர்களின் படிகார நீருக்கும் நிறமில்லை. இரண்டும் செய்வது வேறு வேறு வேலை என்றாலும், கண்ணுக்குத் தெரியாத ஒன்றுதான் நிறத்தைக் காப்பாற்றுகிறது.

இரண்டாவது குயில்ட் தைத்துக்கொண்டிருக்கிறேன். ஓரத்தில் ஒரு சின்ன மரம் வரைந்து, இலைகளை நீலமாகவே விட்டுவிட்டேன். அக்கா பார்த்துவிட்டு, “பச்சை தீர்ந்துபோச்சா?” என்று கேட்டாள். கூடவே, மூலையில் என் பெயரையும் எழுதப்போகிறேன். அழியாத மையில்.