ஜன்னல், கதவுச் சட்டங்களில் மறுசுழற்சி உலோகம்

கட்டடங்களின் ஜன்னல், கதவுகளுக்குப் பயன்படும் உலோகங்களில் அலுமினியமும் எஃகும் முதன்மையானவை. இரண்டையும் உருக்கி மீண்டும் பயன்படுத்தலாம் என்றாலும், அதனால் சுற்றுச்சூழலுக்குக் கிடைக்கும் ஆதாயம் அலுமினியத்தில்தான் மிகப் பெரிது. தாதுவிலிருந்து அதைப் பிரித்தெடுக்க ஆகும் செலவே இதற்குக் காரணம்.

ஒரு டன் அலுமினியத்துக்கு நான்கு முதல் ஐந்து டன் பாக்சைட் தேவை. பாக்சைட்டைக் காரத்தில் கரைத்து அலுமினா எடுப்பது பேயர் முறை. அந்த அலுமினாவை உருகிய கிரையோலைட்டில் கரைத்து, ஏறத்தாழ 960 பாகை செல்சியஸில் மின்சாரம் பாய்ச்சி உலோகத்தைப் பிரிப்பது, 1886-இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் தனித்தனியே கண்டறிந்த முறை. இந்த இரண்டாம் கட்டம் மட்டுமே டன்னுக்குச் சுமார் 14,000 யூனிட் மின்சாரத்தை விழுங்குகிறது. கரியாலான மின்வாய்களும் தேய்ந்து கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகின்றன. பழைய அலுமினியத்துக்கு இந்த வேதிவினைகள் எதுவும் வேண்டாம். 660 பாகையில் அது உருகிவிடும். ஆகும் ஆற்றல், புது உலோகத்துக்கு ஆவதில் சுமார் 5 விழுக்காடுதான். ஆலைக்கான மின்சாரம் நிலக்கரியிலிருந்து வரும் நாடுகளில் இச்சேமிப்பின் மதிப்பு இன்னும் கூடுகிறது.

மின்கட்டணத்தில் தெரியாத ஆதாயம் நிலத்தில் இருக்கிறது. பாக்சைட் பெரும்பாலும் மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே படர்ந்து கிடப்பதால், மலைகளில் குடைந்து எடுக்காமல் உச்சியையே சீவுகிறார்கள். மேட்டூர் அலுமினிய ஆலைக்காக ஏர்க்காட்டிலும் கொல்லிமலையிலும் இப்படித்தான் தாது வெட்டப்பட்டது. ஒடிசாவின் நியமகிரியில் சுரங்கம் வேண்டுமா என்பதை அங்குள்ள கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என உச்ச நீதிமன்றம் 2013-இல் கூற, கூடிய 12 சபைகளும் மறுத்தன. அலுமினா எடுத்தபின் எஞ்சும் காரத்தன்மை மிக்க செஞ்சேறு இன்னொரு சுமை. 2010 அக்டோபரில் ஹங்கேரியின் அய்க்கா ஊர் அருகே அதன் தேக்கக் கரை உடைந்து, பத்துப் பேர் உயிரிழந்தனர்.

ஜன்னல் செக்‌ஷன்கள் பெரும்பாலும் 6063 போன்ற, மக்னீசியமும் சிலிக்கனும் சிறிதளவே சேர்ந்த கலவைகள். கழற்றிய சட்டங்கள் தனியே திரட்டப்பட்டால், மீண்டும் ஜன்னல் செக்‌ஷனாகவே அச்சில் பிதுக்கி எடுக்கலாம். ஜெர்மனியில் இதற்கென்றே ஜன்னல், முகப்புத் தொழில்துறையினர் 1994-இல் ஒரு சங்கம் அமைத்தனர். இரும்புத் திருகு, ரப்பர், வார்ப்பு அலுமினியம் எல்லாம் கலந்த காயலான் குவியலில் போட்டால், அதே உலோகம் தரம் இறங்கி எஞ்சின் உறுப்புகளுக்கான வார்ப்புக்குத்தான் உதவும். உலோகம் வீணாவதில்லை, ஆனால் அடுத்த ஜன்னலுக்கு மறுபடி புது அலுமினியம் தேட வேண்டியிருக்கும்.

விற்பனையாளர் சொல்லும் மறுசுழற்சி விழுக்காட்டையும் இந்த இடத்தில் கவனிக்க வேண்டும். ஆலையிலேயே வெட்டி விழுந்த துண்டுகளும், பல ஆண்டுகள் சுவரில் இருந்துவிட்டுத் திரும்பிய சட்டங்களும் ஒரே பெயரில் கணக்கில் சேர்க்கப்படுவதுண்டு. முன்னது அண்மையில் உருவான புது உலோகத்தின் மிச்சம். சுரங்கத் தேவையை உண்மையில் குறைப்பது பின்னதுதான். ஆனால் ஒரு ஜன்னல் சட்டம் முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைக்கும். இன்று கழற்றப்படுவது அன்றைய குறைந்த கட்டுமானத்தின் அளவே என்பதால், இன்றைய தேவை முழுவதையும் பழைய உலோகத்தால் ஈடுகட்ட முடியாது.

எஃகின் கதை எளிது. காந்தத்தால் பிரித்து, மின்வில் உலையில் உருக்கலாம். ஒரு டன் பழைய எஃகு சுமார் 1.4 டன் இரும்புத்தாதையும் 740 கிலோ நிலக்கரியையும் மிச்சப்படுத்துகிறது. துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய துத்தநாகத்தை உலைத் தூசியிலிருந்து மீட்கலாம்.

உலோகம் பழையதானாலும் வெப்பத்தைக் கடத்துவதில் மாற்றமில்லை. குளிரூட்டிய அறையில் வெற்று அலுமினியச் சட்டம் வெளி வெயிலை உள்ளே கொண்டுவரும். உருக்காலையில் சேமித்த ஆற்றலின் ஒரு பகுதி ஆண்டுதோறும் ஏசி வழியாகக் கரையும். இதைத் தடுக்க, சட்டத்தின் உட்பாதிக்கும் வெளிப்பாதிக்கும் நடுவே வெப்பத்தை எளிதில் கடத்தாத பாலிஅமைடு பட்டைகளைச் செருகி இறுக்குகின்றனர். சட்டத்தை உருக்குமுன் இந்தப் பட்டைகளையும் பவுடர் கோட்டிங்கையும் நீக்க வேண்டும். மறுசுழற்சி ஆலைகளில் சட்டத்தை நறுக்கிப் பட்டையைப் பிரித்தும், சூடேற்றிப் பூச்சை அகற்றியும் இது செய்யப்படுகிறது.