மர வேலிக்கு ஸ்டெயின் அடிக்கப் போறீங்களா? முதலில் இதைப் படிங்க
ஸ்டெயின் மரத்துக்குள் ஊறினால்தான் நிற்கும்.

புது வேலியா? தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உறிஞ்சினால் அடிக்கலாம், முத்தாக நின்றால் மரம் இன்னும் தயாராகவில்லை, சில வாரம் காயட்டும்.

பழைய வேலியா? பாசியைக் கழுவி, காயவைத்து, 80-ம் நம்பர் உப்புத்தாளால் ரேகைப் போக்கில் தேயுங்கள்.

மேலே பெயின்ட் இருந்தால் உஷார். ஈயத்துக்கு 90 பிபிஎம் வரம்பு இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலானது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசி குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். உலர்வாகத் தேய்க்காதீங்க. என்-95 மாஸ்க் போட்டு, வாட்டர் பேப்பரால் ஈரமாகத் தேயுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

கடைசியாக ஒன்று: எண்ணெய் ஸ்டெயின் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம். நனைத்து, வெளியே விரித்துக் காயவிடுங்க.