மெரோபெனம் 2 கிராம்: ஒரு மருந்துச் சீட்டுக்கு உரை

ஐசியு கேஸ் ஷீட்டில் டாக்டர்கள் எழுதும் வரிகள் சூத்திரம்போலச் சுருக்கமானவை. உரை இல்லாமல் பிடிபடாது. மாதிரிக்கு ஒன்றை நாமே அமைத்துக்கொள்வோம். நோயாளி நிமோனியா முற்றி, ரத்த அழுத்தம் சரிந்து வந்தவர். வலிப்புக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்.

“ரத்தக் கல்ச்சர் எடுத்ததும் மெரோபெனம் 2 கிராம் உடனே. பிறகு 8 மணி நேரத்துக்கு ஒரு முறை 2 கிராம், ஒவ்வொன்றும் 3 மணி நேரம் ஓட வேண்டும். கிரியேட்டினின் கூடியிருந்தாலும் முதல் நாள் குறைக்க வேண்டாம். வால்ப்ரோயேட்டுக்கு மாற்று. 48 மணி நேரத்தில் கல்ச்சர் பார்த்து முடிவு.”

ரத்தக் கல்ச்சர் எடுத்ததும்... உடனே: மருந்து உள்ளே போன பிறகு எடுத்த ரத்தத்தில் கிருமி வளராமல் போகலாம். அதனால் கல்ச்சர் முந்துகிறது. அதற்காக மருந்து காத்திருக்கவும் கூடாது. தொற்று முற்றி ரத்த அழுத்தம் சரிந்த செப்சிஸில் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது 2021-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல்.

2 கிராம்: பெரியவர்களுக்கு வழக்கமான டோஸ் 1 கிராம். 2 கிராம் என்பது மூளைக்காய்ச்சல் போன்றவற்றுக்கு வைத்திருக்கும் அளவு. இங்கே ஏன்? செப்சிஸில் ரத்தக் குழாய்கள் கசிகின்றன; அழுத்தத்தைத் தூக்க நாமும் லிட்டர் கணக்கில் சலைன் ஏற்றுகிறோம். மெரோபெனம் நீரில் கரைந்து நீரோடு போகும் மருந்து. குழம்பில் தண்ணீர் கூடினால் போட்ட உப்பு போதாமல் போவதுபோல, வழக்கமான டோஸ் இந்த உடம்பில் நீர்த்துவிடும். ஆக, கேஸ் ஷீட்டில் அதிகமாகத் தெரிவது கிருமியின் பக்கம் சேரும்போது சாதாரண அளவாக இருக்கலாம்.

ஒவ்வொன்றும் 3 மணி நேரம்: சீட்டின் உயிர் இந்த வரியில்தான் இருக்கிறது. கிருமி வளர்வதை நிறுத்தப் போதுமான மிகக் குறைந்த மருந்துச் செறிவை எம்ஐசி என்கிறோம். மெரோபெனத்தின் வகையில், அந்தக் கோட்டுக்கு மேல் மருந்து எவ்வளவு உயரம் போனது என்பது பெரிதல்ல. எவ்வளவு நேரம் நின்றது என்பதே கிருமியைக் கொல்கிறது. சோதனைக்கூடக் கணக்குப்படி இரண்டு டோஸ்களுக்கு இடைப்பட்ட நேரத்தில் சுமார் 40 சதவீதம் நிற்க வேண்டும். ஐசியுவில் பலரும் முழு நேரமும் நிற்பதையே விரும்புகிறார்கள்.

சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவரின் ரத்தத்தில் இந்த மருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகிறது. 2 கிராமை ஒரே தள்ளாகத் தள்ளினால், ஒரு மணி நேரம் கழித்து இருப்பது 1 கிராம் போட்டவரிடம் தொடக்கத்தில் இருந்த அளவுதான். மருந்தை இரட்டிப்பாக்கி நாம் சம்பாதித்தது ஒரே ஒரு மணி நேரம்! அதையே மெதுவாக ஓடவிட்டால் கூடுதல் மருந்து இல்லாமலே நேரம் நீள்கிறது. முதல் டோஸ் மட்டும் விதிவிலக்கு. அதை அரை மணி நேரத்தில் ஏற்றிவிடுவார்கள். 24 மணி நேரமும் ஓடவிடலாமே என்றால், கரைத்த மெரோபெனம் அறை வெப்பத்திலேயே சிதையும். பையை அடிக்கடி மாற்ற வேண்டும். நம் ஊர் வெயிலில் இது ஏட்டுப் பேச்சல்ல. ஜென்டாமைசின் வகைக்கோ கணக்கே தலைகீழ். அங்கே உச்சம்தான் கொல்கிறது. ஆகவே நாளுக்கு ஒரே பெரிய ஊசி.

மெரோபெனத்தை மெதுவாக ஓடவிடுவதால் உயிர் பிழைக்கிறதா என்று கேட்டால் பதில் கொஞ்சம் சங்கடமானது. 2023-இல் வெளிவந்த மெர்சி ஆய்வு, 607 நோயாளிகளுக்கு மெரோபெனத்தைத் தொடர்ச்சியாகவும் விட்டுவிட்டும் கொடுத்துப் பார்த்து வித்தியாசம் காணவில்லை. 2024-இன் பிளிங்-3 ஆய்வில் ஏழாயிரம் பேருக்கு மேல். 90 நாளில் இறப்பு தொடர்ச்சியாகப் பெற்றவர்களில் 24.9, மற்றவர்களில் 26.8 சதவீதம். புள்ளியியல் கோட்டை அது தாண்டவில்லை. ஆனால் 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பலன் தெரிந்தது. கூடுதல் செலவோ நச்சோ பெரிதாக இல்லாத ஒரு மாற்றத்துக்கு இவ்வளவு சான்று போதும் என்பது என் எண்ணம்.

கிரியேட்டினின் கூடியிருந்தாலும்: மெரோபெனம் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது; கிரியேட்டினின் கூடுவது அந்தச் சிறுநீரகம் தளர்வதன் அடையாளம். பிறகு ஏன் குறைக்க வேண்டாம் என்கிறார்? முதல் டோஸின் அளவைத் தீர்மானிப்பது உடம்பின் நீர்ப்பரப்பு, சிறுநீரகம் அல்ல. சலைன் ஏறி அழுத்தம் நிமிர்ந்ததும் இரண்டு நாளில் சிறுநீரகம் தேறிவிடுபவர்களும் பலர். உயிர் ஊசலாடும் முதல் நாளில் மருந்து குறைவதே பெரிய ஆபத்து. இந்தத் தாராளம் மெரோபெனத்துக்குச் செல்லும், கோலிஸ்டினுக்குச் செல்லாது. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஒதுக்கிவைக்கப்பட்டு, வேறு மருந்துகள் தோற்ற பிறகு திரும்ப அழைக்கப்பட்டது அது. இரண்டாம் நாளும் கிரியேட்டினின் இறங்காவிட்டால் மெரோபெனத்தையும் குறைத்தாக வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு டோஸைக் குறைக்காமல் மெரோபெனத்தின் உறவான செஃபிபைம் கொடுத்ததில், உடல் வெட்டாமல் மூளைக்குள்ளேயே ஓடும் வலிப்பு வந்ததைக் குறித்து அமெரிக்க எஃப்டிஏ 2012-இல் எச்சரித்தது. பார்ப்பவர்களுக்கு அது வெறும் மயக்கமாகத்தான் தெரியும்.

வால்ப்ரோயேட்டுக்கு மாற்று: தவறவிடுவதற்கு மிக எளிதான வரி. நோயாளி வலிப்புக்குச் சாப்பிடும் மாத்திரை அதுதான். மெரோபெனம் சேர்ந்தால் ரத்தத்தில் வால்ப்ரோயேட் ஓரிரு நாளிலேயே மளமளவென்று சரியும். அதன் டோஸைக் கூட்டியும் பயனில்லை. லெவெடிராசெட்டம் போன்ற ஒன்றுக்கு மாற வேண்டும்.

48 மணி நேரத்தில்: எளிய மருந்துக்கே மடியும் கிருமி என்று ரிப்போர்ட் வந்தால் மெரோபெனத்தை நிறுத்திவிட்டு அந்த மருந்துக்கு இறங்கலாம். எம்ஐசி லிட்டருக்கு 8 மில்லிகிராம் வரை இருந்தால், 2 கிராமும் 3 மணி நேரமும் சேர்ந்து இன்னும் எட்டிப்பிடிக்கும். மருந்தையே உடைக்கும் என்டிஎம் நொதி உள்ள கிருமி என்றால் கதை வேறு. 2010-இல் லான்செட் குழும இதழில் வந்து பரபரப்பான என்டிஎம் ஆய்வில் சென்னையில் எடுத்த கிருமிகளும் இருந்தன. அங்கே 2 கிராமை 4 ஆக்கினாலும் நொதிக்குத் தீனிதான். செஃப்டாசிடிம்-அவிபாக்டமோடு அஸ்ட்ரியோனாம் சேர்ப்பது போன்ற வேறு வழிக்கு, புதுச் சீட்டு எழுத வேண்டியிருக்கும்.