அடைப்புக்குறிக்குள் நஷ்டஈடு

ரமணாசிரமத்தைத் தாண்டிச் செங்கம் ரோட்டில் நடந்தால், பௌர்ணமி யாவாரத்தை நம்பிப் பிழைக்கிற சனத்தைப் பார்க்கலாம். பூ, கற்பூரம், இளநீர், சுண்டல். வரிசையாய் உட்கார்ந்திருக்கும் சாமியார்கள். விடிந்தால் 14 கிலோமீட்டர் பாதையும் குப்பை. அதை அள்ளுகிறவர்கள் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. கிரிவலம் ஏறக்குறைய இரண்டு வருசம் நின்றுபோனது. 2020 நவம்பர் 29இல் மலைமேல் தீபம் எரிந்தது, பாதையில் சனம் இல்லை.

தடை சரிதான் என்பதே என் கட்சி. லட்சக்கணக்கில் தோளிடித்து நடக்கிற இடத்தில் தொற்று பரவினால், ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்காமல் முதலில் சாகிறவன் நம்மாள்தான். ஊரடங்கே சதி என்று பேசிய தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்தத் தடையின் விலையை யார் கட்டுவது?

கேள்வி பழசு. 1905 வாக்கில் இங்கே பிளேக் வந்தபோது ஊர்ச்சனம் பெரும்பாலும் வெளியேறியது. ரமணரும் குகையை விட்டு இறங்கிப் பச்சையம்மன் கோயிலில் சில மாதம் தங்கினார். வெளியேற வேண்டுமென்றால் வேறெங்காவது ஒரு வீடோ காணியோ இருக்கணும். அன்றாடக் கூலிக்காரன் எங்கே போவான்?

அதற்குச் சில வருசம் முன்னால், பம்பாய் மாகாணத்துப் பிளேக்கை அடக்க வெள்ளைக்காரன் போட்டதுதான் 1897 தொற்றுநோய்ச் சட்டம். அதே வருசம் மார்ச் 10இல் பூனாவில் சாவித்திரிபாய் புலே செத்துப்போனார். பிளேக் கண்ட மகார் பிள்ளையைச் சுமந்தவருக்கு அதே நோய். எல்லாரும் விலகி நின்றால் தூக்குவதற்கு ஒரு ஆள் வேண்டுமே! 2020இலும் தூய்மைப் பணியாளருக்கு மட்டும் ஊரடங்கு கிடையாது. (சமூக இடைவெளியாம். நோயே இல்லாத காலத்திலும் நம்மிடம் கடைப்பிடித்ததுதானே அது.)

தமிழக அரசு 2020இல் தூசு தட்டி எடுத்ததும் அந்தச் சட்டத்தைத்தான். ரொம்பச் சின்னச் சட்டம். அரசுக்கு அதிகாரம், மீறியவனுக்குத் தண்டனை, அதிகாரிக்குப் பாதுகாப்பு. செலவை யார் ஏற்பது என்று வரும் இடத்தில், அடைப்புக்குறிக்குள், நஷ்டஈடு ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்து என்கிறது. இருந்தால்!

அரசு ஒன்றுமே கொடுக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1000 ரூபாய், 2021இல் 4000. அந்த ஜூனில் மாதச் சம்பளமில்லாத அர்ச்சகர், பூசாரி, கோயில் ஊழியருக்குத் தனியாக 4000 ரூபாய், 10 கிலோ அரிசி, மளிகைச் சாமான். நல்லதுதான். கோயிலை அடைத்ததால் அர்ச்சகருக்குப் போன வரும்படி நஷ்டம் என்றால், பாதையை அடைத்ததால் பூக்காரம்மாவுக்குப் போனதற்கு என்ன பேர்? அந்தப் பட்டியலில் அவள் இல்லை. எல்லாரையும்போல ரேசன் கடை வரிசையில் நின்று வாங்கியது அவளுக்கு உண்டு. அட்டையில்லாத சாமியாருக்கு அதுவும் இல்லை.