மூளையைச் சுற்றி ஒரு மதில்

கணினி வேலைக்காக வால்டோர்ஃபுக்கு வந்த எங்களில் பலருக்கு வயது இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையில். விதையில் தோன்றும் இனச்செல் புற்றுநோய் ஆண்களை அதிகம் தாக்குவதும் இந்த வயதில்தான். ஆனால் எங்கள் பேச்சில் அந்த உறுப்புக்குக் கேலியில் மட்டுமே இடம். அதனால்தான் இந்த நோயின் வரலாற்றில் ஒரு துண்டை இங்கே எழுதுகிறேன். அதன் ஒரு முனை எங்கள் மாநிலத்து ஃப்ரைபுர்க்கில் இருக்கிறது, மறுமுனை சென்னையில்.

1885இல் பவுல் எர்லிக் விலங்குகளின் ரத்தத்தில் சாயம் ஏற்றிப் பார்த்தார். மற்ற உறுப்புகளெல்லாம் நிறம் மாறின, மூளை மாறவில்லை. சாயத்தைப் பற்றும் தன்மை மூளைக்கு இல்லை என்று அவர் எண்ணினார். அவருடைய மாணவரும் ஃப்ரைபுர்க் அறுவை மருத்துவருமான எட்வின் கோல்ட்மன், 1913இல் சாயத்தை மூளைத்தண்டுவட நீரிலேயே செலுத்தினார். இம்முறை மூளை நீலமானது, மற்ற உறுப்புகள் மாறவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு மதில் இருப்பது தெரிந்தது.

காக்கும் மதிலே நோய்க்கும் அரணாகிவிடும். இனச்செல் புற்று, குறிப்பாகக் கோரியோகார்சினோமா கலந்த வகை, ரத்தத்தின் வழியே மூளைக்குப் போகும். அரிதாக மூளை, தண்டுவட உறைகளிலும் படரும். ரத்தத்தில் ஏற்றும் மருந்துகள் பலவும் அங்கே போதிய அளவு சேர்வதில்லை. 1891இல் கீல் நகரில் ஹைன்ரிக் க்வின்கே முதுகில் ஊசி குத்தி அந்த நீரை வெளியே எடுத்தார். பின்னாளில் மருந்து உள்ளே போனதும் அதே வாசலில்தான்.

அப்படிப் போன மருந்துகளில் முக்கியமானது மெத்தோட்ரெக்ஸேட். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகடா சுப்பாராவின் ஆய்வுக்குழு வளர்த்த மருந்துக் குடும்பம் அது. அவர் 1948இல் காலமானார். 1956இல் மின் சியு லீயும் ராய் ஹெர்ட்ஸும், பெண்களுக்கு நஞ்சுத் திசுவிலிருந்து வரும் கோரியோகார்சினோமா அதனால் கரைந்ததை அறிவித்தார்கள்.

விதைப் புற்றுக்கு விடிவு 1974இல் வந்தது. 1844இல் மிக்கேலே பெய்ரோனே தயாரித்த பிளாட்டின உப்பான சிஸ்பிளாட்டினை, மற்ற மருந்துகளோடு சேர்த்து இண்டியானாவில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் கொடுக்கத் தொடங்கினார். 1996இல் மூளைவரை நோய் பரவியிருந்த சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங், அறுவையாலும் சிஸ்பிளாட்டின் சேர்ந்த சிகிச்சையாலும் பிழைத்தார்.

எல்லாருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. மூளைக்குப் போகுமுன் கண்டால் பெரும்பாலோர் குணமாகிறார்கள். பெரும்பாலும் இது வலிக்காத ஒரு கட்டியாகத்தான் தொடங்கும். வலிக்கவில்லையே என்று இருந்துவிடாமல், வெட்கப்படாமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.