வாய்க்கால் கட்டில் சைக்கிள்: நமது கிரவல் பாதைகளின் கதை



சனிக்கிழமைகளில் சுபஹுக்குப் பிறகு நாங்கள் சிலர் சைக்கிளில் வட்டைப் பக்கம் போய் வருவது ஊரில் பலருக்கும் தெரியும். ஆசிரியர்கள் மூன்று நான்கு பேர், உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் ஐந்தாறு பேர். "நல்ல காபட் ரோட்டு இருக்க, ஏன் சேர் இந்தக் கிரவலில போய்க் குலுங்குறீங்க?" என்று தேநீர்க் கடையில் கேட்கிறார்கள். கல்முனை – அக்கரைப்பற்று வீதியில் பஸ்ஸுக்கும் டிப்பருக்கும் நடுவே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக எங்களுக்குத் துணிவில்லை. வாய்க்கால் கட்டில் ஏறிவிட்டால் ஒரு மணித்தியாலம் போனாலும் பசளை மூட்டையோடு ஒரு மோட்டார் சைக்கிள் வரும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் கொக்கும் நாரையும் எருமையும்.

போன மாதம் ஒரு மாணவன் கேட்டான்: "வாகனமே வராத இடத்தில இந்த ரோட்டை யாருக்கு சேர் போட்டாங்க?" அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னோம். பிறகு நாங்களே வாசித்தும் பெரியவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

முதலில், இந்த மண்ணில் பாதை என்பதே தண்ணீர்தான். சம்மாந்துறை என்ற பெயரைப் பாருங்கள். சம்பான்கள் வந்து தங்கிய துறை, சம்பான்துறை, சம்மாந்துறை ஆனது என்று பெரியவர்கள் சொல்லிவந்திருக்கிறார்கள். இன்றைக்குக் கடல் எங்கே, சம்மாந்துறை எங்கே! இடையில் இருப்பது வயலும் சதுப்பும். ஆனால் கார்த்திகை, மார்கழியில் ஒருதரம் மாவடிப்பள்ளிப் பக்கம் நின்று பார்த்தவருக்கு அந்தப் பெயர்க்காரணம் நம்பமுடியாததாகத் தெரியாது. நமது ஆற்றைச் சிங்களத்தில் கல் ஓயா என்பார்கள். தமிழில் பட்டிப்பளை ஆறு. கடலுக்குக் கிட்ட வந்ததும் இந்த ஆறு ஒரே வழியில் போவதில்லை. பிரியும், படரும், களியோடையாய் நிந்தவூருக்கும் ஒலுவிலுக்கும் நடுவே போய்க் கடலைத் தேடும். அந்தப் படர்ந்த நீர் தந்ததுதான் மாட்டுக்குப் புல், உம்மாமாருக்குப் பாய் இழைக்கப் பன், நமக்கு மீன்.

மழை விட்டு நிலம் காய்ந்தால் அதே சதுப்பின் ஓரத்தில் மாட்டுவண்டித் தடம் விழும். அடுத்த மாரியில் அது அழியும். பிறகு வேறிடத்தில் விழும். நிரந்தரமாக உயர்ந்து நின்றவை குளக்கட்டுகள் மட்டுமே. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டன. 1856இல் வந்த நீர்ப்பாசனச் சட்டம், வட்டைவிதானை முறை போன்ற பழைய ஊர் வழக்கங்களுக்குச் சட்ட பலம் கொடுத்தது. கட்டில் யார் மண் போடுவது, எந்தத் துருசு எப்போது திறப்பது என்பதெல்லாம் கூட்டத்தில் முடிவாகும். அந்தக் கட்டின் மேல் நடந்துதான் ஆட்கள் வயலுக்குப் போனார்கள். பாதைக்காகக் கட்டவில்லை, கட்டு இருந்ததால் பாதை.

நாங்கள் இன்று சைக்கிள் ஓட்டும் கிரவல் பாதைகளில் பெரும்பாலானவை அதற்கும் பிந்தியவை. 1949இல் கல் ஓயா அபிவிருத்திச் சபை அமைந்தது. அதே ஆண்டு இங்கினியாகலையில் அமெரிக்காவின் மொரிசன் நுட்சன் கம்பனி அணைக்கட்டு வேலையைத் தொடங்கியது. ஏறத்தாழ 1.1 கிலோமீற்றர் நீளமான அந்த அணைக்குப் பின்னால்தான் சேனாநாயக்க சமுத்திரம் தேங்கி நிற்கிறது. குடியேற்றத்தின் அரசியலும், 1961இல் அம்பாறை தனி மாவட்டமானதும் பெரிய கதை. ஒரு சைக்கிள் பதிவில் அதைச் சொல்லி முடிக்க முடியாது. நமக்கு இங்கே வேண்டியது வாய்க்கால்.

இடதுகரைப் பிரதான வாய்க்கால் மேட்டு நிலத்தின் ஓரமாக வளைந்து வளைந்து வரும். தண்ணீர் தானாக ஓட வேண்டும், ஆனால் வேகமாக ஓடிக் கரையை அரிக்கவும் கூடாது. அதனால் சரிவை மிக மிகக் குறைவாக வைத்திருக்கிறார்கள். நாங்கள் களைக்காமல் ஓட்டுவதற்கு எங்கள் காலைவிட அந்தக் கணக்கே காரணம். வாய்க்கால் வெட்டிய மண்ணைக் கரையில் போட்டால் கட்டு. கட்டை மேற்பார்வை செய்ய நீர்ப்பாசனத் திணைக்கள ஜீப் போக வேண்டும், துருசுக்காரர் போக வேண்டும், உடைப்பெடுத்தால் மண் ஏற்றிய வாகனம் போக வேண்டும். வெறும் களிமண்ணில் மாரியில் சில்லுப் புதைந்துவிடும். ஆகவே மேலே கிரவல் போட்டு இறுக்கினார்கள். அதற்குமேல் செலவழிக்கத் தேவையில்லை. இந்தப் பாதை எந்தப் பட்டினத்துக்கும் போவதில்லை, ஒரு துருசில் இருந்து அடுத்த துருசுக்குப் போகிறது. வாகனம் வராததன் இரகசியம் இவ்வளவுதான்.

ஆக, அந்த மாணவனுக்குப் பதில்: தண்ணீருக்குக் காவல் போகிறவர்களுக்காகப் போட்ட ரோட்டு.

வாய்க்கால் வந்தது என்பதற்காக எல்லாருக்கும் தண்ணீர் வந்துவிடவில்லை. நமது பக்கம் கடைமடை. மேலே எடுத்தது போக மிஞ்சினால்தான் கீழே. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க உதவியோடு இடதுகரையைப் புனரமைத்தார்கள். கோர்னெல் பல்கலைக்கழகத்தாரும் நமது நாட்டு விவசாய ஆய்வு நிறுவனத்தாரும் சேர்ந்து இளம் அமைப்பாளர்களை வாய்க்கால் வாய்க்காலாக அனுப்பினார்கள். 1981 சிறுபோகத்தில் குளத்தில் நீர் மிகக் குறைவு. அப்படியிருந்தும் மேலேயிருந்த சிங்கள விவசாயிகள் சிலர் முறைவைத்துப் பாய்ச்சி, மிச்சம் பிடித்த நீரைக் கீழேயிருந்த தமிழ் பேசும் விவசாயிகளுக்கு விட்டார்கள். இதை நோர்மன் அப்ஹொஃப் 1992இல் வெளிவந்த தனது நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். நமது பாடப் புத்தகங்களில் நாங்கள் இதைக் கண்டதில்லை என்பது எங்கள் மனக்குறை.

அதற்குப் பிறகு வந்த யுத்த காலத்தை விவரிக்கத் தேவையில்லை. வட்டைக்குப் போனவர் மஃரிபுக்கு முன் திரும்பினாரா என்று வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. ரலி சைக்கிளின் பாரில் மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு வாப்பாமார் போன பாதைகள் பல பற்றை மண்டிக் கிடந்தன. இன்று அதே பாதையில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு ஓட்டும்போது எங்களுக்குள் ஒரு நடுக்கமும் ஒரு நன்றியும் சேர்ந்தே வரும்.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது கரையோரச் சனம் ஓடியது மேற்கே, இந்த வயல்களின் பக்கம். 2024 நவம்பர் 26இல் வெள்ளம் வந்தது மேற்கே இருந்து. காரைதீவு – மாவடிப்பள்ளித் தாம்போதியில், நிந்தவூர் மத்ரஸாவில் இருந்து வீடு திரும்பிய பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரம் அடிபட்டுப் போனது. அந்த நாட்களை இங்கே மீண்டும் எழுத எங்கள் கை வரவில்லை.

இப்போது கட்டுகளுக்கும் காபட் கேட்டு மகஜர்கள் வருகின்றன. அறுவடை நெல்லை ஏற்றிவர நல்ல பாதை வேண்டும் என்ற விவசாயியின் கோரிக்கை நியாயமானது. அதை நாங்கள் மறுக்கவில்லை. எங்கள் பயம் அதன் பின்னால் வருவதைப் பற்றியது. பாதை நல்லதானால் ஓரத்துக் காணிக்கு விலை ஏறும். விலை ஏறினால் சதுப்பில் மண் விழும். நாங்கள் ஓட்டும் வழியிலேயே பன் நின்ற இரண்டு இடங்களில் இப்போது மதில் நிற்கிறது. முன்பு படர்ந்து மெதுவாகப் போன தண்ணீர், போக இடமில்லாமல் ஒடுங்கினால் தாம்போதிகளின் மேலால்தான் விசையாகப் பாயும். சம்பான் வந்த வழியை அது மறக்கவில்லை.

திரும்பும்போது நாங்கள் மாவடிப்பள்ளி வழியாகவே வருகிறோம். தாம்போதி தொடங்கும் இடத்தில் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவோம். யாரும் சொல்லித்தரவில்லை, முதல் தடவை பிள்ளைகள் தாங்களாகவே இறங்கினார்கள். மறுகரை வரும்வரை உருட்டிக்கொண்டு நடப்போம், பேச்சு இருக்காது.

பழைய துறை எந்த இடத்தில் இருந்தது, மாட்டுவண்டித் தடம் எந்த வட்டைக்குள்ளால் போனது என்று தெரிந்த மூத்தவர்கள் வீட்டில் இருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள். பிள்ளைகளோடு வந்து கேட்டு எழுதிக்கொள்கிறோம்.